முதலில் எங்கள்மேல், பிறகு எல்லோர்மேலும்

2024 ஆகஸ்ட்டில் டாக்காவில் சனம் ஷேக் ஹசீனாவின் மாளிகைக்குள் புகுந்தபோதும், 2025 செப்டெம்பரில் காத்மண்டுவில் இளைஞர்கள் வீதிக்கு வந்து அரசாங்கத்தையே வீழ்த்தியபோதும், வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் எனக்கு அனுப்பிய செய்தி கிட்டத்தட்ட ஒன்றுதான்: "இது உங்கட நாட்டில்தானே முதலில் நடந்தது, நீ அப்ப கொழும்பில்தானே இருந்தாய், எப்படி இருந்தது எண்டு சொல்லு." ஒவ்வொரு முறையும் இரண்டு வரி எழுதி அனுப்பினேன். அந்த இரண்டு வரி போதாது. 2022இல் இலங்கையில் நடந்ததை நான் இந்த நாட்டின் குடிமகனாகவும் பார்த்தேன், தமிழனாகவும் பார்த்தேன், அந்த இரண்டு பார்வையும் எப்போதும் ஒரே பக்கம் திரும்பியிருக்கவில்லை. அதனால் இங்கே நீட்டி எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவைத் துரத்திய மக்கள் செய்தது சரி, அவர்களோடு நின்றதை இன்றும் பெருமையாகத்தான் நினைக்கிறேன். ஆனால் அவர் கையில் இருந்த ஆயுதங்கள் எதுவும் 2022இல் புதிதாகச் செய்யப்பட்டவை அல்ல. அவசரகாலச் சட்டம், பயங்கரவாதத் தடைச் சட்டம், இராணுவத்துக்குக் கொடுத்த தனி இடம், எல்லாமே எங்கள்மேல் பல வருடங்களாகப் பாவிக்கப்பட்டவை. அவற்றை யாரும் எடுத்து எறியவில்லை. ஆளை அனுப்பிவிட்டோம், ஆயுதம் அடுத்தவர் கைக்குப் போனது.

2019 நவம்பர் 16ஆம் தேதி நடந்த தேர்தலில் கோட்டாபயவுக்கு 69 இலட்சத்துக்கும் மேல் வாக்குகள், 52 வீதத்துக்குச் சற்றுக் கூட. அதே வருடம் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250 பேருக்கு மேல் செத்துப்போயிருந்தார்கள், நாடு பயந்து கிடந்தது, போரை முடித்த முன்னாள் பாதுகாப்புச் செயலாளர்தான் இனிக் காப்பாற்றுவார் என்று தெற்கு நம்பியது. வடக்கும் கிழக்கும் பெருவாரியாக எதிர்த்து வாக்களித்தன. அவர் பதவியேற்ற இடம் அனுராதபுரத்து ருவன்வெலிசாய. தமிழ் மன்னன் எல்லாளனைத் தோற்கடித்த சிங்கள மன்னன் துட்டகைமுனு கட்டிய தாதுகோபம் அது. அங்கே நின்றுகொண்டு, சிங்கள பௌத்தர்களின் வாக்குகளாலேயே தன்னால் வெல்ல முடியும் என்று ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்ற பொருளில் பேசினார். அந்தப் பேச்சைக் கேட்ட அன்று எங்கள் வீட்டில் யாரும் அதிகம் கதைக்கவில்லை.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 2020 ஜனவரியில், போரில் காணாமல் போனவர்கள் உண்மையில் செத்துப்போய்விட்டார்கள் என்று ஐ.நா.வின் இலங்கைப் பிரதிநிதியிடம் சொன்னார். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் 2017 பெப்ரவரியிலிருந்து வீதியோரம் கொட்டில் போட்டுப் பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தாய்மாருக்கு, அவர்களில் பலர் பிள்ளையைத் தங்கள் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்தவர்கள், கிடைத்த பதில் அதுதான். எங்கே, எப்போது, யார் கையால் என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லை. பெப்ரவரி 4ஆம் தேதி சுதந்திர தினத்தில், 2016இலிருந்து பாடப்பட்டு வந்த தமிழ்த் தேசிய கீதத்தை நிறுத்தினார்கள். மார்ச்சில், மிருசுவிலில் பிள்ளைகள் உட்பட எட்டுத் தமிழரைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்று, அந்தத் தண்டனையை உயர் நீதிமன்றமும் உறுதி செய்திருந்த ஒரு இராணுவத்தினருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார். நாடு கொரோனா ஊரடங்கில் இருந்த நேரம் அது. வீதிக்கு வந்து கேட்க யாராலும் முடியாது.

கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்ததையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். புதைக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொன்ன பிறகும், பெற்றோர் கெஞ்சிய பிறகும், பிறந்து 20 நாளேயான ஒரு குழந்தையை எரித்தார்கள். ஒரு அரசாங்கம் எவ்வளவு தூரம் போகும் என்பது எனக்கு அன்று விளங்கியது. 2021 பெப்ரவரி வரை அது நீடித்தது.

தெற்கில் அப்போது இதற்கெல்லாம் எதிராகப் பேசியவர்கள் இல்லாமல் இல்லை, கொஞ்சப் பேர் துணிந்து பேசினார்கள், அவர்களை மறக்கக்கூடாது. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அது அவர்களுடைய பிரச்சினையாகப் படவில்லை. 2020 ஒக்டோபரில் அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் 156 வாக்குகளோடு நிறைவேறியபோது, முழு நாட்டின் கழுத்திலும் கயிறு விழுந்தது என்று சிலரே சொன்னார்கள். சுயாதீன ஆணைக்குழுக்களின் நியமனம் மறுபடி ஜனாதிபதி கையில், அமைச்சர்களை நினைத்தபடி நீக்கலாம், தட்டிக்கேட்க ஆளில்லை. அந்தத் தட்டிக்கேட்க ஆளில்லாத அதிகாரம்தான் ஆறு மாதம் கழித்து, 2021 ஏப்ரல் இறுதியில், இரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்தது. விவசாயிகளை யாரும் கேட்கவில்லை, விவசாயப் பேராசிரியர்கள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. நவம்பரில் அந்தத் தடையைத் திரும்பப் பெற்றபோது நெல்லும் தேயிலையும் அடிவாங்கி முடிந்திருந்தன. அதற்கு முன்பே, பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே, பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்து அரசின் வருமானத்தை வெட்டியிருந்தார். 2019 இறுதியில் 760 கோடி டொலராக இருந்த வெளிநாட்டுக் கையிருப்பு 2022 மார்ச்சில் 200 கோடிக்கும் கீழே வந்தது. தமிழர் சொல்வதைக் கேட்காத ஆட்சி தங்கள் சொல்லை மட்டும் கேட்கும் என்று சிங்கள விவசாயி நம்பியிருந்தார். அந்த நம்பிக்கை வயலிலேயே உடைந்தது.

2022 மார்ச் மாதத்தை கொழும்பில் இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். 13 மணி நேர மின்வெட்டு. காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் விட்டுவிட்டுப் பக்கத்தில் படுத்திருந்தவர்கள். பெற்றோல் வரிசையில் நின்ற வயதானவர்கள் அங்கேயே விழுந்து செத்தார்கள். காகிதம் இல்லை என்று மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளைத் தள்ளிப் போட்டார்கள். தலைமன்னார்ப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாகப் படகேறித் தனுஷ்கோடிக்குப் போனார்கள், போர் முடிந்து 13 வருடம் கழித்து, பசியால்.

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துக்கு அம்மாவுக்குப் போன் எடுத்தால், கொழும்பில் நான் படும் பாட்டுக்குப் பெரிதாக இரங்கமாட்டார். எப்படி இரங்குவார்? 1990இலிருந்து பல வருடம் மின்சாரமே இல்லாமல் இருந்த ஊர் அது. அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில்தான் நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ஊரே ரேடியோவில் செய்தி கேட்கும். அதைப் பற்றித் தெற்கில் என் வயதுக்காரர்களிடம் சொல்லும்போது ஏதோ வேறொரு நாட்டுக் கதை மாதிரிக் கேட்பார்கள். 2022 மார்ச்சில் ஒரு சிங்கள நண்பர், அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்த அடுத்த நாள், "நீங்கள் இதை எத்தனை வருஷம் அனுபவித்தீர்கள்?" என்று கேட்டார். அப்படி ஒருவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் கேள்விக்காக நான் அவரை மதிக்கிறேன்.

மார்ச் 31 இரவு கொழும்புப் புறநகரான மிரிஹானவில் கோட்டாபயவின் சொந்த வீட்டுக்கு முன்னால் சனம் திரண்டது. கட்சிக் கொடி இல்லை, தலைவர் இல்லை, மின்வெட்டில் வெந்துபோன அக்கம்பக்கத்துக் குடும்பங்கள். கண்ணீர்ப்புகை, தடியடி, கைதுகள். அடுத்த நாள் அவசரகாலச் சட்டம், அதற்கடுத்து ஊரடங்கு, சமூக ஊடகங்களுக்குத் தடை. கைதானவர்களுக்காக நூற்றுக்கணக்கான சட்டத்தரணிகள் ஒரு சதம் வாங்காமல் வந்து நின்றார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது, கூடவே கனத்தது. எங்கள் ஊரில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்ட பையன்களுக்காக ஒரு சட்டத்தரணியைத் தேடித் தாய்மார் நகையை அடகு வைத்துக்கொண்டு அலைந்தது எனக்குத் தெரியும். சட்டத்தரணிகள் வந்தது சரி. அது எப்போதும், எல்லோருக்கும் நடந்திருக்க வேண்டிய சரி.

ஏப்ரல் 9 கொழும்புக் கடற்கரையோரக் காலிமுகத்திடலில் ஆரம்பித்ததுதான் பிறகு 'கோட்டா கோ கம', அதாவது 'கோட்டாவே போ' கிராமம், ஆனது. ஜனாதிபதி செயலகத்தின் வாசலிலேயே கூடாரங்கள் முளைத்தன, நூலகம் வந்தது, இலவசச் சமையலறை வந்தது, மருத்துவ முகாம், சட்ட உதவி, படம் காட்டும் கூடாரம். வெள்ளவத்தையிலிருந்து வேலை முடிந்ததும் பஸ் கிடைத்தால் பஸ்ஸில், இல்லாவிட்டால் நடந்து போவேன். அங்கே ஒரு பிக்குவும் ஒரு மௌலவியும் ஒரு அருட்சகோதரியும் ஒரே வரிசையில் பொலிஸாருக்கு முன் நிற்பதைப் பார்த்தேன். நோன்பு காலம் அது, மாலையில் முஸ்லிம் பெண்கள் கொண்டு வந்த நோன்புக் கஞ்சியை வாங்கச் சிங்களப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். புத்தாண்டுக்குத் தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். எந்த மனிதர் அதை நிறுத்தினாரோ அவருடைய அலுவலகத்துக்கு முன்னாலேயே பாடினார்கள். சுற்றி நின்றவர்களில் பாதிப்பேருக்கு வரிகள் தெரியாது, ஆனாலும் வாயசைத்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த இடத்தின் பழைய கதை எனக்குத் தெரியும் என்பதால் அது இன்னும் கூடுதலாகத் தைத்தது. 1956 ஜூன் 5, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் தனிச்சிங்களச் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்த நாள். இன்றைய ஜனாதிபதி செயலகம்தான் அன்றைய பாராளுமன்றம். அதற்கு முன்னால் இதே காலிமுகத்திடலில் செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். காடையர்கள் வந்து அடித்தார்கள், பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு பாராளுமன்றத்துக்குள் போனார். 66 வருடம் கழித்து, 2022 மே 9, பிரதமரின் வாசஸ்தலமான அலரி மாளிகையில் கோட்டாபயவின் அண்ணனும் பிரதமருமான மஹிந்த ராஜபக்ஷவின் கூட்டம் முடிந்து வெளியே வந்தவர்கள் பொல்லும் கம்பியும் எடுத்துக்கொண்டு அதே திடலுக்குப் போய், அமைதியாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளை அடித்தார்கள், கூடாரங்களைக் கொளுத்தினார்கள். பொலிஸ் அன்றும் பெரும்பாலும் பார்த்துக்கொண்டுதான் நின்றது. இந்த முறை அடிவாங்கியவர்கள் பெரும்பாலும் சிங்களவர்கள். அடி மட்டும் மாறவில்லை. 1956இல் அந்தத் திடலில் விழுந்த அடியை இந்த நாடு அன்றைக்கே தன்மேல் விழுந்ததாக எடுத்திருந்தால், 2022 வரை வந்திருக்குமா என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன்.

அன்று இரவு நாடு முழுக்க அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. நிட்டம்புவவில் ஒரு பாராளுமன்ற உறுப்பினரும் அவருடைய மெய்ப்பாதுகாவலரும் உயிரிழந்தார்கள். அதை நான் ஏற்கவில்லை, ஏற்கச் சொல்லி யாரும் என்னை வற்புறுத்த முடியாது. வீடு எரிவது என்றால் என்னவென்று தமிழருக்கு எதிரான 83 ஜூலைக் கலவரத்தில் இதே கொழும்பில் எங்கள் சொந்தங்கள் பார்த்தார்கள். மஹிந்த பிரதமர் பதவியை விட்டுவிட்டுத் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குப் போய் ஒளிந்தார்.

சரி, அந்தக் கேள்விக்கு வருகிறேன். ஏப்ரல், மே முழுக்க என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வி: "வடக்கு ஏன் வரவில்லை?"

ஒன்று, வராமல் இல்லை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஆர்ப்பாட்டம் நடந்தது, பல்கலைக்கழக மாணவர்கள் வந்தார்கள். அதைவிட முக்கியம், நாங்கள் முன்பே வந்துவிட்டோம். 2021 பெப்ரவரி 3ஆம் தேதி பொத்துவிலில் தொடங்கி 7ஆம் தேதி யாழ்ப்பாணத்துப் பொலிகண்டியில் முடிந்த நடைபயணம் கோட்டாபய ஆட்சிக்கு எதிரான பெரிய மக்கள் எழுச்சி. நீதிமன்றத் தடையுத்தரவுகளைக் கையில் வைத்துக்கொண்டு பொலிஸ் வழியெங்கும் மறித்தது, அதையும் தாண்டி ஆயிரக்கணக்கானவர்கள் கூட வந்தார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். காணி பிடிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர், ஜனாஸா (முஸ்லிம்களின் உடல்) எரிப்பு, மலையகத் தொழிலாளரின் ஆயிரம் ரூபாய்ச் சம்பளம், எல்லாம் அந்தக் கோரிக்கைகளில் இருந்தன. தெற்கின் பெரிய ஊடகங்களில் அதற்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. அப்போது யாரும் "தெற்கு ஏன் வரவில்லை" என்று கேட்கவில்லை.

இரண்டாவது, பயம். இதைத் தெற்கில் இருப்பவர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். காலிமுகத்திடலில் பதாகை பிடித்த சிங்களப் பையன் போராட்டக்காரன். அதே பதாகையைக் கிளிநொச்சியில் பிடித்தால் அடுத்த நாள் வீட்டு வாசலில் புலனாய்வுத்துறை. யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய ஆர்ப்பாட்டம் நடந்திருந்தால், "பார், புலி வந்துவிட்டது" என்று சொல்லிக் காலிமுகத்திடலையும் சேர்த்தே நசுக்கியிருப்பார்கள். இதை எனக்குச் சொன்னது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு தம்பி. "நாங்கள் அமைதியா இருக்கிறதும் அவையளுக்கு ஒரு உதவிதான் அண்ணை" என்றான்.

மூன்றாவது, மனக்கசப்பு. அம்மா போனில் சொன்னது: "அவையள்தானே வாக்குப் போட்டுக் கொண்டு வந்தவை, அவையளே எடுக்கட்டும்." அம்மாவின் தலைமுறைக்கு அப்படிச் சொல்ல எல்லா உரிமையும் இருக்கிறது, 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்று தெரிந்த ஒருவரும் அதை மறுக்கமாட்டார்கள். ஆனாலும் அம்மாவோடு நான் ஒத்துப்போகவில்லை, அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். 69 இலட்சம் பேர் என்பது ஒரு ஆள் இல்லை. ஆட்டோ ஓட்டுபவர், தைப்பவர், பால்மா வாங்க வழியில்லாத தாய், எல்லோரும் அதற்குள் இருந்தார்கள். ஏமாந்தவர்களோடு பேச மறுத்தால் அடுத்த முறை ஏமாற்றப்போகிறவனுக்குத்தான் வசதி. மலையகத்தில் கோதுமை மா விலை ஏறி ரொட்டிக்கே வழியில்லாமல் போன தோட்டத் தொழிலாளியை அந்தக் கசப்பில் நாங்கள் எங்கே வைப்பது? அவர் யாரைப் பதவிக்குக் கொண்டுவந்தார்?

மே 18ஆம் தேதியைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசை. அன்று காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது. தெற்கில் அந்த நாள் போர் வெற்றி நாள், பட்டாசும் பால்சோறும். அந்தக் கொழும்பில், ஜனாதிபதி செயலகத்துக்கு முன்னால், விளக்கேற்றி, பூ வைத்து, கஞ்சி கொடுத்தார்கள். உப்பும் அரிசியும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த கஞ்சி, 2009இல் குண்டு மழைக்கு நடுவே பதுங்குகுழிகளில் இருந்த சனத்துக்குக் கடைசி வாரங்களில் கிடைத்த ஒரே சாப்பாடு. அதை வாங்கிக் குடித்த சிங்களப் பெண் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், ஏன் இவ்வளவு தண்ணியாக இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், தடக்கித் தடக்கி, வைத்தியசாலைகள் மேலேயே ஷெல் விழுந்ததையும், பாதுகாப்பு வலயம் என்று சொல்லிவிட்டு அதற்குள்ளேயே அடித்ததையும் சொன்னேன். அவர் தன் தம்பி இராணுவத்தில் இருந்து 2008இல் கால் இழந்தவன் என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "எங்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை" என்றார் கடைசியில். எல்லோரும் அப்படி இருந்தார்கள் என்று சொல்லமாட்டேன், அந்த நினைவேந்தலை விரும்பாதவர்களும் அந்தத் திடலில் இருந்தார்கள், நாட்டைப் பிரிக்கப் பார்க்கிறார்கள் என்று முகநூலில் திட்டித் தீர்த்தவர்களும் நிறையப் பேர். ஆனால் அந்தப் பேச்சு கொழும்பில் பகிரங்கமாக நடந்தது. எனக்கு அந்த எழுச்சி தந்த பெரிய விஷயம் அது, ஜூலை 9ஐ விடவும் பெரியது.

ஜூலை 9 எல்லோருக்கும் தெரிந்த கதை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாய், அதுவும் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும். முதல் நாள் இரவு போட்ட பொலிஸ் ஊரடங்கைச் சட்டத்தரணிகள் சங்கம் சட்டவிரோதம் என்று சொல்ல, காலையில் எடுத்தார்கள். சனம் ரயிலில், லொறியில், சைக்கிளில், கால்நடையாக வந்தது. நான் காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி தாண்டி நடந்தேன், முன்னாலும் பின்னாலும் தலைகள். கண்ணீர்ப்புகையில் மூச்சு முட்டியது, முன்பின் தெரியாத ஒருவர் என் முகத்தில் தண்ணீர் ஊற்றினார். மதியத்துக்குள் ஜனாதிபதி மாளிகை சனத்தின் கையில். உள்ளே நீச்சல் குளத்தில் குதித்ததைத்தான் உலகம் பார்த்தது. நான் பார்த்தது, "உடைக்காதீங்க, இது எங்கட சொத்து" என்று கத்திக்கொண்டு படிக்கட்டில் நின்று கூட்டத்தை வரிசைப்படுத்திய மாணவர்களை. உள்ளே கிடைத்த 1 கோடியே 78 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயை எண்ணி எடுத்துப் பொலிஸிடம் ஒப்படைத்தார்கள், பசியோடு வந்த பிள்ளைகள். 13ஆம் தேதி அதிகாலை விமானப்படை விமானத்தில் கோட்டாபய மாலைதீவு, அங்கிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து மின்னஞ்சலில் இராஜினாமா. எனக்கு மகிழ்ச்சி, அதை மறைக்கத் தேவையில்லை. தாய்மாரிடம் உங்கள் பிள்ளைகள் செத்துவிட்டார்கள், வீட்டுக்குப் போங்கள் என்ற ஆட்சியின் தலைவர், தன் நாட்டில் கால் வைக்க இடமில்லாமல் நின்றதைப் பார்த்த மகிழ்ச்சி.

ஆனால் ஒரே வாரம். ஜூலை 20ஆம் தேதி, ராஜபக்ஷ கட்சியின் வாக்குகளால், ரணில் விக்கிரமசிங்க 134 வாக்குகள் பெற்று ஜனாதிபதியானார். 2020 பொதுத்தேர்தலில் தன் தொகுதியிலேயே தோற்றவர். 21ஆம் தேதி பதவியேற்றார், 22ஆம் தேதி விடியும் முன்பே இராணுவம் காலிமுகத்திடலுக்குள் இறங்கியது. பிற்பகலில் நாங்களே போகிறோம் என்று அறிவித்திருந்தவர்களை இருட்டில் அடித்தார்கள், அதில் பத்திரிகையாளர்களும் மாட்டினார்கள். ஓகஸ்டில் அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் அழைப்பாளர் வசந்த முதலிகேயைப் பிடித்து, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். ஒரு சிங்கள மாணவர் தலைவர்மேல் அந்தச் சட்டம் பாய்ந்ததும் தெற்கு அதிர்ந்தது. 1979இல் மூன்று வருடத்துக்கு என்று கொண்டுவந்த தற்காலிகச் சட்டம், 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. பொலிஸ் உதவி அத்தியட்சர் முன்னால் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சாட்சியாக வைக்கலாம். அந்த வாக்குமூலம் எப்படி வாங்கப்பட்டது என்று யாழ்ப்பாணத்தில் எந்தத் தெருவில் கேட்டாலும் சொல்வார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் பத்து, பதினைந்து வருடம் சிறையில் கிடந்த தமிழர்களின் பெயரைத் தெற்கில் யாரும் பதாகையில் எழுதியதில்லை. முதலிகேயின் விடுதலைக்காக நானும் குரல் கொடுத்தேன், அதே ஊர்வலத்தில் மற்றவர்களுடைய பெயர்களையும் சொன்னேன். சிலர் சேர்ந்து சொன்னார்கள்.

அந்த எழுச்சி ஏன் அங்கேயே நின்றது என்று பலர் கேட்கிறார்கள். காஸ் வந்தது, பெற்றோலுக்குக் கியூஆர் முறை வந்தது, வரிசை குறைந்தது, சனம் வீட்டுக்குப் போனது. சனத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டிப் பார்த்த நாட்டில் நாள் சம்பளக்காரர் எத்தனை மாதம் வீதியில் நிற்பார்? ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். 'கோட்டா வீட்டுக்குப் போ' என்ற கோஷத்தில் ஊரே சேரலாம் என்பதால்தான் அது அவ்வளவு பெரிதானது. நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழி, இராணுவத்தை வடக்கின் காணிகளிலிருந்து எடு, பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கிழி என்று கேட்டிருந்தால் கூட்டம் பாதியாகியிருக்கும் என்று ஏற்பாட்டாளர்களில் சிலர் வெளிப்படையாகவே என்னிடம் சொன்னார்கள். அந்தக் கணக்கு அன்றைக்கு வென்றது, ஆனால் அதற்கான விலையைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்களை இரவில் வீடு புகுந்து கைது செய்தார்கள். இரண்டு வருடம் முன்பு கொழும்பில் குடித்தோமே, அதே கஞ்சி.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், பொருளாதார வீழ்ச்சிக்கு ராஜபக்ஷ சகோதரர்கள் உட்பட்ட அதிகாரத்தில் இருந்தவர்கள் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. வரவேற்கிறேன். வெளிநாட்டுக் கையிருப்பு எங்கே போனது என்று கேட்ட நீதி, யாழ்ப்பாணத்துச் செம்மணியிலும் கேட்க வேண்டும். 2025இல் அங்கே சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டத் தோண்ட 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன, குழந்தைகளுடையவையும் சேர்த்து.

2024 நவம்பர் பொதுத்தேர்தலில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்திக்கு 225இல் 159 இடங்கள். காலிமுகத்திடல் இல்லாமல் அந்த வெற்றி இல்லை. யாழ்ப்பாண மாவட்டத்திலும் அவர்கள்தான் முதலிடம், ஆறில் மூன்று ஆசனம். எங்கள் சனம் தெற்கின் கட்சி ஒன்றுக்கு அப்படி வாக்களித்ததை நான் பார்த்ததில்லை. கசப்பை ஒதுக்கி வைத்துவிட்டு யாழ்ப்பாணம் கையை நீட்டியது, "அவையளே எடுக்கட்டும்" என்று சொன்ன அம்மா உட்பட. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம், நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்று அவர்களுடைய தேர்தல் அறிக்கையிலேயே இருந்தது. மூன்றில் இரண்டு பெரும்பான்மைக்கு 150 போதும், அவர்களிடம் அதைவிடக் கூடவே இருக்கிறது. ஆனாலும் 2025 முடியும்போது அந்தச் சட்டமும் இருந்தது, அந்த ஜனாதிபதி முறையும் இருந்தது. நல்லவர் கையில் இருக்கும்போது இவை ஆபத்தில்லை என்று தெற்கில் நண்பர்கள் சொல்கிறார்கள். 2019இலும் 69 இலட்சம் பேர் ஒருவரை நல்லவர் என்றுதான் நினைத்தார்கள். இந்த இரண்டையும் நீக்கும் சட்டமூலங்கள் எந்தத் தேதியில் பாராளுமன்றத்துக்கு வரும் என்று நான் வாக்களித்த கட்சியின் உறுப்பினர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், காலிமுகத்திடலில் என்னோடு நின்ற சிங்கள நண்பர்களையும் கூட நின்று கேட்கச் சொல்கிறேன்.